நாலாவது பங்கு

மன்னார்குடி ஸ்டாண்டில் ஏறியதும் இந்தப் பையைக் கொஞ்சம் மடியில் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டீர்கள். நான் முடியாது என்று தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். உட்கார்ந்திருப்பவர்கள் நிற்பவர்களின் பையை வாங்கி வைத்துக்கொள்வதுதான் வழக்கம். எனக்கும் தெரியும். லெட்சுமாங்குடி வரைக்கும் ஒரு கையில் கம்பியும் ஒரு கையில் பையுமாக நீங்கள் ஆடிக்கொண்டே வந்ததைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டுதான் வந்தேன். இப்போது பக்கத்திலேயே உங்களுக்கு இடம் கிடைத்துவிட்டது. சொல்லாவிட்டால் இறங்கிய பிறகும் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கும் அக்கா. பையில் காபிப் பொடி இருக்கிறது, இல்லையா? அதனால்தான் வாங்கவில்லை.

ஒத்துக்கொள்ளாதா என்கிறீர்களா? அதெல்லாம் இல்லை. நாங்களே காபிப் பொடிக் கடைதான் வைத்திருந்தோம். பந்தலடிக்குப் பக்கத்துச் சந்தில், கலியபெருமாள் காபி. கேள்விப்பட்டதில்லையா? அதுவும் நல்லதுதான். கேள்விப்பட்டிருந்தால் கேஸையும் சேர்த்துத்தான் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

கலியபெருமாள் என் அப்பா. போன மாசியில் தவறிவிட்டார். நான் இப்போது திருவாரூர் கலெக்டர் ஆபீஸுக்குப் போகிறேன், உணவுப் பாதுகாப்புத் துறையில் ஒரு மனு கொடுக்க. அங்கே அப்பா அரைத்த பொடி ஒரு பாட்டில் இருக்கிறது. சீல் வைத்தது. கேஸ் முடிந்துவிட்டதால் இந்த வெள்ளிக்கிழமை அதை அழித்துவிடுவார்களாம். அதைக் கேட்டு வாங்கத்தான் போகிறேன். கொடுப்பார்களா என்று தெரியவில்லை. விதியில் அதற்கு இடமில்லை. நான் படித்துப் பார்த்துவிட்டேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். அப்பாவைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. நடந்ததை நடந்த மாதிரி சொல்கிறேன், அவ்வளவுதான்.

நான் பி.காம். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. அதற்குத் தாசில்தார் கையெழுத்தோடு சான்றிதழ் கொடுப்பார்கள், தெரியுமில்லையா, ஃபீஸ் சலுகைக்காக. எல்லோரும் அதைக் காலேஜில் கொடுத்துவிட்டு மறந்துவிடுவார்கள். அப்பா ஒரு நகல் எடுத்து லேமினேட் செய்து கடையில் ஆணி அடித்து மாட்டியிருந்தார். கடை லைசென்ஸ் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வருகிறவர்கள் லைசென்ஸைப் பார்த்தால்கூட, "அது இல்லீங்க, இந்தப் பக்கம் பாருங்க" என்பார்.

அம்மா நான் ஒன்பதாவது படிக்கும்போதே போய்விட்டார். வீட்டில் அப்பாவும் நானும்தான். காலேஜ் முடித்து, குரூப் தேர்வுகளுக்குப் படித்துக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்தேன். சும்மா உட்கார எனக்கு வராது. எதிலாவது தப்பு கண்ணில் பட்டால் சரி செய்யாமல் இருக்க முடியாது. விலைப் பலகையில் "அறை கிலோ" என்று எழுதியிருந்ததை அழித்து "அரை கிலோ" என்று எழுதினேன். அதை அவர் பதினெட்டு வருஷமாக வைத்திருந்தாராம். "பாப்பா வந்தப்புறம்தான் கடை கடையா இருக்கு" என்பார் எல்லோரிடமும்.

கடையில் ரெண்டு பெரிய டின். ஒன்றில் கலவை, அதாவது சிக்கரி சேர்த்த பொடி. இன்னொன்றில் சுத்தம். ரெண்டையும் ஒரே மாதிரி காக்கிக் கவரில் போட்டு, ரப்பர் ஸ்டாம்பு குத்திக் கொடுப்பார். "காபிப் பொடி" என்று மட்டும் இருக்கும். நான் சட்டத்தைப் படித்தேன். சிக்கரி சேர்த்திருந்தால் எத்தனை சதவீதம் என்று கவரில் போட வேண்டும். கலவைக்கு அப்படி ஒரு கவர் அச்சடித்தேன். அதோடு விட்டிருக்கலாம். சுத்தத்துக்கும் அச்சடித்தேன். "நூறு சதவீதம் தூய காபி. சிக்கரி கலவாதது." பச்சை எழுத்து.

"எதுக்கு பாப்பா இவ்வளவு எழுத்து? சும்மா காபிப் பொடின்னு போட்டா போதாதா?" என்றார் அப்பா.

"சட்டப்படி எழுதணும்ப்பா."

"கலவைக்குப் போட்டுக்க. இதுக்கு வேணாமே."

"இதுக்குத்தாம்ப்பா முக்கியமா போடணும். நம்ம பெருமையே இதுதானே."

அவர் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எழுத்து நல்லா விழுந்திருக்கு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கேட்டிருப்பேன் அக்கா.

கல்யாணச் சமையல் செய்கிற வரதன் மாமா என்று ஒருவர், தினமும் கடைக்கு வருவார். அவர் அந்தக் கவரைப் பார்த்துவிட்டு, "என்னய்யா கலியபெருமாள், பொண்ணு கவர்லயே ஜாமீன் பத்திரம் எழுதிக் குடுத்துடுச்சு. இனிமே உனக்கென்ன கவலை" என்றார். அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு உணவுப் பாதுகாப்பு ஆபீசர் வந்தார். தனசேகரன் என்று பெயர். ரொம்ப மரியாதையான மனிதர், அதையும் சொல்லிவிட வேண்டும். மிரட்டவில்லை, உருட்டவில்லை. அடையாள அட்டையைக் காட்டினார். கவரை எடுத்துப் படித்தார்.

"இந்தப் பொடியில ரெண்டு கிலோ வேணும் பெரியவரே. சாம்பிள் எடுக்கணும். காசு குடுத்துருவோம்."

அப்பா, "அது இன்னைக்குத் தீந்துபோச்சு சார். கலவைதான் இருக்கு" என்றார்.

"இருக்கேப்பா" என்றேன் நான். "காலையிலதானே அரைச்சீங்க."

ஸ்டூலைப் போட்டு ஏறி நானே டின்னை இறக்கினேன். அப்பாவுக்கு மறந்துவிட்டது என்று நினைத்தேன். இல்லை, சரியாகச் சொல்ல வேண்டுமென்றால், ஆபீசரைப் பார்த்துப் பயந்துவிட்டார் என்று நினைத்தேன். அஞ்சாவது வரைக்கும் படித்தவர், யூனிபார்ம் போட்டவன் வந்தால் எழுந்து நிற்பவர். தப்பே செய்யாதவர் ஏன் பயப்பட வேண்டும் என்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. ஆபீசர் முன்னாலேயே, "நம்மகிட்ட மறைக்க என்னப்பா இருக்கு, எடுத்துட்டுப் போகட்டும்" என்றேன். அப்பா என்னைப் பார்த்தார். "ஆமா, எடுத்துக்கட்டும்" என்றார்.

நீங்கள் அந்த வேலையைப் பார்த்ததில்லையே? பார்த்தால் பூஜை மாதிரி இருக்கும். முதலில் ஒரு நோட்டீஸ் எழுதிக் கொடுத்தார், இன்னின்ன பொருளை ஆய்வுக்காக எடுக்கிறேன் என்று. நான்தான் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். பொடியை ஒரு தட்டில் கொட்டி நன்றாகக் கலந்து நாலு சம பங்காகப் பிரித்தார். நாலு பாட்டில். மூடி போட்டு, லேபிள் ஒட்டி, காக்கிக் காகிதத்தில் சுற்றி, அதன் மேலே குறியீட்டு எண் போட்ட நீளமான சீட்டு ஒன்றை மேலிருந்து கீழ்வரைக்கும் ஒட்டினார். நூலால் கட்டி, அரக்கை உருக்கி நாலு இடத்தில் முத்திரை வைத்தார். மெழுகுவர்த்தியை நான் பிடித்துக்கொண்டேன்.

சாட்சிக்குக் குடும்பத்து ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கடைக்கு வந்திருந்த வரதன் மாமா சாட்சிக் கையெழுத்துப் போட்டார். போடும்போது கை நின்று நின்று போனது. அப்பாவைப் பார்த்துப் பார்த்து எழுதினார்.

அப்பா கையெழுத்துப் போட வேண்டிய இடம் வேறு மாதிரி. பாதி சீட்டின் மேலும் பாதி சுற்றியிருக்கிற காகிதத்தின் மேலும் விழ வேண்டும். யாராவது பிரித்தால் கையெழுத்து ரெண்டாகிவிடும், கண்டுபிடித்துவிடலாம். அதற்காக. அப்பா எழுத்து எழுத்தாக எழுதுவார். "கலிய" சீட்டில் விழுந்தது. "பெருமாள்" காகிதத்தில். நாலு பாட்டிலிலும் அப்படியே. நான் பக்கத்தில் நின்று, "கொஞ்சம் தள்ளிப்பா, கோட்டுக்கு இந்தப் பக்கம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

நாலு பங்கு எதற்கு என்றால், ஒன்று அரசாங்கப் பகுப்பாய்வுக் கூடத்துக்குப் போகும். ரெண்டு மாவட்ட அலுவலரிடம் பத்திரமாக இருக்கும். இன்னொன்றைக் கடைக்காரர் எழுதிக் கேட்டால், அங்கீகாரம் பெற்ற வேறொரு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். செலவு கடைக்காரருடையது. அரசாங்க முடிவு தப்பாக வந்துவிட்டால் காட்டுவதற்கு ஒரு சான்று.

"கேக்கறீங்களா?" என்றார் தனசேகரன் சார்.

"அதெல்லாம் வேணாம் பாப்பா. சார் பாத்துக்குவாரு" என்றார் அப்பா.

"நமக்குச் சட்டம் குடுத்திருக்கிற உரிமைப்பா" என்றேன். நானே எழுதினேன். அப்பா கையெழுத்துப் போட்டார்.

எல்லாம் முடிந்ததும் ஆபீசருக்கு அந்த டின்னிலிருந்தே ஒரு காபி போட்டுக் கொடுத்தேன். வேலை நேரத்தில் குடிக்கக் கூடாது என்று மறுத்துவிட்டார். போகும்போது என்னிடம், "வீட்டிலேயே ஒரு டெஸ்ட் இருக்கும்மா. ஒரு டம்ளர் தண்ணியில பொடியைப் போட்டா காபி மிதக்கும். சிக்கரி அடியில இறங்கிச் சாயம் விடும். கஸ்டமருக்குச் சொல்லிக் குடுங்க" என்றார். எனக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. ஒரு அட்டையில் எழுதிக் கடையில் மாட்டினேன். எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்தேன். எங்கள் பொடியை மட்டும் போட்டுப் பார்க்கவில்லை. ஏன் போட்டுப் பார்க்க வேண்டும்? உங்கள் அப்பாவை நீங்கள் டம்ளரில் போட்டுப் பார்ப்பீர்களா?

ரெண்டு வாரத்தில் அறிக்கை வந்தது. சிக்கரி இருக்கிறது, நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு.

அப்பா அப்போது கொட்டை வறுத்துக்கொண்டிருந்தார். படித்துக் காட்டினேன். அவர் வறுப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் கருகிவிடும், அதனால்தான் என்று நினைத்தேன்.

நானே யோசித்துக் கண்டுபிடித்தேன். ரெண்டு பொடியையும் ஒரே மெஷினில்தானே அரைக்கிறோம்? கலவை அரைத்த பிறகு மெஷினில் மிச்சம் தங்கியிருக்கும். அது அடுத்த பொடியில் சேர்ந்திருக்கும். "நீங்க மெஷினைச் சரியாத் துடைக்கிறதே இல்லப்பா. எத்தனை தடவை சொல்லியிருக்கேன்" என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன்.

"ஆமா பாப்பா. அப்படித்தான் இருக்கும்" என்றார்.

அன்றைக்கே பிரஷ் வாங்கிவந்து ரெண்டு மணி நேரம் மெஷினைத் தேய்த்தேன். அவர் பக்கத்தில் நின்று விளக்கைப் பிடித்துக்கொண்டார்.

தனியார் ஆய்வகத்துக்குப் போன பங்கின் முடிவு அடுத்த வாரம் வந்தது. பதின்மூன்று. நான் மேல்முறையீடு எழுதினேன். முப்பது நாளுக்குள் எழுத வேண்டும். எழுதினால் மாவட்ட அலுவலர் தன்னிடம் இருக்கிற பங்கில் ஒன்றை மேல் ஆய்வகத்துக்கு அனுப்புவார். அங்கே வருவதுதான் கடைசி முடிவு, அதற்கு மேல் கிடையாது.

"போதும் பாப்பா. அபராதம்தானே, கட்டிட்டுப் போயிடலாம்" என்றார் அப்பா.

"கட்டினா ஒத்துக்கிட்ட மாதிரிப்பா. உங்க பேர் என்னாகும்?"

"என் பேரா" என்றார். பிறகு பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

இதற்குள் ஊரில் தெரிந்துவிட்டது. ஆனால் ஒன்று அக்கா, அப்போதும் சரி, பிறகும் சரி, பொடி வாங்க வந்தவர்கள் யாரும் கோபப்படவில்லை. அதுதான் எனக்குக் கோபமாக இருந்தது. நம்பிக்கைத் துரோகம் என்று ஒருவராவது சண்டை போட்டிருக்க வேண்டாமா? எல்லோரும் வழக்கம் போலக் கால் கிலோ, அரை கிலோ என்று வாங்கிக்கொண்டு போனார்கள். நான் ஒவ்வொருவரிடமும் மெஷினைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். கேட்டுவிட்டுத் தலையாட்டுவார்கள்.

கடைசி முடிவு மார்கழியில் வந்தது. பன்னிரண்டரை. மூன்று ஊர், மூன்று ஆய்வகம். பன்னிரண்டு, பதின்மூன்று, பன்னிரண்டரை. ஒரே சீராக இருந்ததால் மெஷின்தான் காரணம் என்று எனக்கு இன்னும் உறுதியாகிவிட்டது. கணக்குப் போட்டுப் பன்னிரண்டு பக்கம் விளக்கம் எழுதினேன்.

தையில் திருவாரூரில் மாவட்ட வருவாய் அலுவலர், அதாவது டி.ஆர்.ஓ. முன்னால் விசாரணை. இதே பஸ்ஸில்தான் போனோம். அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். நான் அவருக்கு என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டே வந்தேன். "மெஷின்னு மட்டும் சொல்லுங்கப்பா. வேற எதுவும் பேசாதீங்க." சரி பாப்பா, சரி பாப்பா என்றார்.

நான் பன்னிரண்டு பக்கத்தையும் வாசித்தேன். டி.ஆர்.ஓ. பொறுமையாகக் கேட்டார். பிறகு அப்பாவைப் பார்த்து, "பெரியவரே, நீங்க என்ன சொல்றீங்க?" என்றார்.

அப்பா எழுந்து நின்றார்.

"ஐயா, மெஷின் சுத்தமாத்தான் இருந்துச்சு. நான்தான் போட்டேன். கிலோவுக்கு ஒரு பெரிய கைப்பிடி. வெறுங்கொட்டையை அரைச்சுக் குடுத்தா டிகாஷன் தண்ணியா இருக்குன்னு திருப்பிக் கொண்டாந்துடுவாங்க. முப்பது வருஷமா அப்படித்தான் போடறேன். கவர்ல எழுதுனது எம்பொண்ணு. அதுக்கு இது தெரியாது. அதைச் சேக்க வேணாம்."

நான் பன்னிரண்டு பக்கத்தையும் மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"இதை முதல்லயே சொல்லியிருந்தா இத்தனை டெஸ்ட் எதுக்கு? ஏன் சொல்லலை?" என்றார் டி.ஆர்.ஓ.

"பொண்ணு பக்கத்துலயே இருந்துச்சுங்க."

"இப்பவும் பக்கத்துலதானே இருக்கு?"

"இப்ப நீங்க கேட்டீங்க. அது என்னைக் கேக்கலீங்க."

நான் கேட்கவில்லைதான். நம்பினதால்தானே அக்கா கேட்கவில்லை? நம்பாதவள்தானே கேட்பாள்?

அபராதம் போட்டார்கள். அது ஒன்றும் பெரிதில்லை, கட்டிவிட்டோம். திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் வேறு சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். கூட்டம், அவர் பக்கத்தில் இடமில்லை. இல்லை. இடம் இருந்தது. நான் உட்காரவில்லை.

அதிலிருந்து பத்தொன்பது நாள். பேசவே இல்லை என்று சொல்ல முடியாது. சிலிண்டர் தீர்ந்துவிட்டது, கரண்ட் பில் வந்திருக்கிறது, இதெல்லாம் பேசினேன். திட்டவில்லை, ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு யோசிக்க நேரம் வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

விசாரணைக்கு மறுநாள் காலை, வீட்டில் இருந்த டின்னிலிருந்து ஒரு ஸ்பூன் பொடியை எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டேன். அவர்தான் ஒத்துக்கொண்டுவிட்டாரே, பிறகு எதற்குப் போட்டாய் என்று நீங்கள் கேட்கலாம். சும்மா பார்க்கத்தான். பாதி மிதந்தது. பழுப்பாக ஒரு கோடு மெதுவாகக் கீழே இறங்கியது. நிமிர்ந்து பார்த்தேன், அப்பா வாசற்படியில் நிற்கிறார்.

"அஞ்சு நிமிஷம் வை பாப்பா. அப்பதான் முழுசா எறங்கும்" என்றார்.

சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் டின்னில் இருந்த மிச்சப் பொடியைச் சாக்கடையில் கொட்டினேன். டின்னையும் கழுவிக் கவிழ்த்தேன்.

அவர் கடையைத் திறக்கவில்லை. அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றைக்கு அரைப்பவர், மிச்சம் வைக்க மாட்டார். அதனால் அங்கேயும் பொடி இல்லை. ஆனால் கொட்டை இருந்தது. ஒரு நாள், "கொஞ்சம் புதுசா அரைச்சுட்டு வரட்டுமா பாப்பா? ஒண்ணும் சேக்காம. ஒரு வாய் காபி குடியேன்" என்றார்.

"காபி வேணாம். எனக்கு டீ போதும்" என்றேன்.

எங்கள் வீட்டில் டீத்தூளே கிடையாது அக்கா. அப்பா அன்றைக்குச் சாயங்காலம் மளிகைக் கடைக்குப் போய் டீத்தூள் வாங்கிவந்தார். அவர் பொறந்ததிலிருந்து வாங்கியிருக்க மாட்டார். கடைக்காரர் சிரித்தாராம், "என்ன அண்ணே, எதிர்க்கட்சிக்குப் போயிட்டீங்களா" என்று. அதை வந்து என்னிடம் சொன்னார், நான் சிரிப்பேன் என்று. டீ போடத் தெரியாது அவருக்கு. காபி ஃபில்டரில் டீத்தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றி, சொட்டுச் சொட்டாக இறங்குவதற்காகப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நான் அந்த டீயைக் குடித்தேன். நன்றாக இல்லை. நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். பொய்தானே என்று சொல்லவில்லை.

இருபதாவது நாள் காலையில் அப்பா எழுந்திருக்கவில்லை. சுகர் இருந்தது, நெஞ்சில் பழைய அடைப்பு. கேஸுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டரே சொன்னார். நான் மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் அதையேதான் சொன்னார்.

காரியம் முடிந்த அன்றைக்கு வரதன் மாமா வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டேன், "உங்களுக்குத் தெரியுமா மாமா?"

"எது?"

"அப்பா சேத்தது."

"ஊருக்கே தெரியும் பாப்பா. அந்தக் கைக்காகத்தான் வருவோம். உனக்குத் தெரியக் கூடாதுன்னு ஊரே வாயை மூடிக்கிட்டு இருந்துச்சு. உங்கப்பன் கேட்டுக்கிட்டான்."

போன மாதம் கும்பகோணம் போனபோது ஒரு பெரிய கடையில் சுத்தக் காபி, ஒன்றுமே சேர்க்காதது, என் கண் முன்னால் அரைக்கச் சொல்லி வாங்கிவந்தேன். போட்டுக் குடித்தேன். தண்ணியாக இருந்தது. தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று மறுபடி போட்டேன். அதுவும் அப்படித்தான். எனக்குப் பொறந்ததிலிருந்து சுத்தக் காபி என்றால் அப்பாவின் டின்தான். என் நாக்குக்கு வேறு எதுவும் தெரியாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பன்னிரண்டு, பதின்மூன்று, பன்னிரண்டரை. தராசில் போடாமல், கையால் அள்ளிப் போட்டது. அவர்தான் மூன்று ஆய்வகத்திலும் தேறியவர் என்று எனக்குத் திடீரென்று தோன்றியது. தப்பான எண்ணம்தான். தோன்றியதைச் சொல்கிறேன்.

அப்போதுதான் கணக்குப் போட்டேன். நாலு பங்கு. ஒன்று அரசாங்கக் கூடத்துக்குப் போனது. ஒன்று நான் எழுதிக் கேட்டுப் போனது. ஒன்று நான் மேல்முறையீடு செய்து போனது. நாலாவது இருக்க வேண்டுமே?

தனசேகரன் சாருக்குப் போன் செய்தேன். அவர் பாட்டிலை எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். "இருக்கும்மா. சீல் நாலும் அப்படியே இருக்கு. அப்பா கையெழுத்தும் இருக்கு." அப்புறம் அவரே சொன்னார். "விதியில இடம் இல்லம்மா. வெள்ளிக்கிழமை அழிக்கணும். ஆனாலும் எழுதிக் கொண்டா. எழுதிக் கொண்டு வரக் கூடாதுன்னு விதி இல்லையே."

இதுதான் மனு. மூன்று நகல். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், விசாரணை உத்தரவு, மூன்று ஆய்வறிக்கை, எல்லாம் வரிசையாக வைத்திருக்கிறேன். பொருள், பார்வை, எல்லாம் சரியாக எழுதிவிட்டேன். ஒரே ஒரு இடம்தான் காலியாக இருக்கிறது, பாருங்கள். கேட்பதற்கான காரணம்.

முதலில் "தந்தையின் நினைவாகப் பாதுகாக்க" என்று எழுதினேன். நன்றாக இருந்தது. ஆனால் பொய். பாதுகாப்பதென்றால் திறக்காமல் வைத்திருக்க வேண்டும். நான் திறப்பேன். அதனால் அதை அடித்துவிட்டு வேறு தாளில் மறுபடி எழுதினேன். எட்டு மாதத்துக்கு முந்தின பொடி, வாசனை போயிருக்கும், தெரியும். ஒரு டம்ளர் போட வேண்டும். ஃபில்டரைக் கழுவி வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். அப்பா கேட்டாரே, ஒரு வாய் குடியேன் என்று. அது.

அதை எப்படி எழுதுவது? குடிப்பதற்கு என்று எழுதினால் மாட்டேன் என்பார்கள். வேறு எதை எழுதினாலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. கிடைத்தே விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சீட்டைக் கிழிக்காமல் பாட்டிலைத் திறக்க முடியாது. அப்படித் திறக்க முடியக் கூடாது என்றுதானே கையெழுத்தை அங்கே போடச் சொல்கிறார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் போடுங்கப்பா என்று நான்தான் சொன்னேன். "கலிய" ஒரு பக்கம் போய்விடும். "பெருமாள்" ஒரு பக்கம்.

விளமல் வந்துவிட்டதா? அப்படியென்றால் நான் இறங்க வேண்டும், கலெக்டர் ஆபீஸ் இங்கேதான். நீங்கள் ஸ்டாண்டு வரைக்கும் போகிறீர்களா?

இல்லை, நானும் ஸ்டாண்டுக்கே வருகிறேன். அங்கிருந்து நடந்து வந்துவிடலாம். ஆபீஸ் அஞ்சு மணி வரைக்கும் இருக்கும். அந்தக் காலி இடத்தில் என்ன எழுதுவது என்று யோசிக்க எனக்கும் கொஞ்ச நேரம் வேண்டும்.

பையைக் கீழே வைத்திருக்கிறீர்களே அக்கா, தரையெல்லாம் ஈரம். பொடி கட்டி தட்டிவிடும். இங்கே கொடுங்கள். என் மடியில் வைத்துக்கொள்கிறேன்.